உறக்கம் கலைந்த உழுபொறிகள்

சென்னை நகரின் தென்பகுதியில், பரங்கிமலையை அடுத்து அமைந்துள்ள ஆதம்பாக்கத்தை இன்று காண்போர், அஃது உழவூராய் இருந்ததென்று சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள். ஏரி ஒன்று இன்னும் இருக்கிறது. ஆனால் வீடுகள் சூழ்ந்து நெருக்க, அதன் பரப்புக் குறுகிவிட்டது. அவ்வேரி நீர் பாய்ந்து நெல் விளைந்த கழனிகள் தெருக்களாயின. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூராயிருந்து, ஆலந்தூர் நகராட்சியின் பகுதியாகி, 2011இல் அந்நகராட்சியோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்ட இடம் இது. உழவு மறைந்த இவ்வூரின் பெயரைச் சொல்லி உழவு இயந்திரத்தின் வரலாற்றை ஏன் தொடங்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இயந்திரத்தைக் கொண்டு நிலத்தை உழலாம் என்ற எண்ணம் தென்னாட்டில் முதன்முதல் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட இடம் இங்கிருந்து வடக்கே சில மைல் தொலைவில்தான் இருக்கிறது.

அவ்விடம் சைதாப்பேட்டை. 1861 முதல் 1866 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த சர் வில்லியம் டெனிசன், பொறியியற் படையிலிருந்து வந்தவர். இயந்திரத்தின்மீது அவருக்கு இயல்பாகவே நம்பிக்கை இருந்தது. நீராவிக் கலப்பை முதலிய பற்பல கருவிகளை அவர் இங்கிலாந்திலிருந்து வருவித்தார். அவற்றை நம் மண்ணில் சோதிப்பதற்கென்று 1865இல் சைதாப்பேட்டையில் அரசினர் சோதனைப் பண்ணை ஒன்று ஏற்பட்டது. அப்பண்ணையையொட்டித் தோன்றிய வேளாண்மைப் பள்ளிதான் 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, பிற்காலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பள்ளி நிலைத்தது, நீராவிக் கலப்பை நிலைக்கவில்லை. வரப்பு கட்டிய சிறு கழனிகளில் அப்பெரும் பாரத்தை இயக்குவது எளிதன்று. எரிபொருளும் கொதிகலனுக்கு நல்ல நீரும் ஓயாமல் வேண்டும். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. ஓர் ஆணி உடைந்தால் மாற்று ஆணி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். வந்த ஆணியைப் பொருத்துவதற்கும் பழகிய கைகள் வேண்டும். மரக்கலப்பை உடைந்தால் ஊர்த் தச்சன் அன்று மாலையே செப்பனிட்டுத் தந்துவிடுவான். இந்த ஒரு வேற்றுமையை மனத்திற் கொண்டால், இனிச் சொல்லப்போகும் செய்திகள் தெளிவாக விளங்கும்.

ஜெர்மானியப் பொறியியல் வல்லுநர் ருடால்ஃப் டீசல் தம் பெயரால் வழங்கும் இயந்திரத்தை 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அது முதலில் தொழிற்சாலைகளில் ஓரிடத்தில் நிலையாக நின்று வேலை செய்தது. பின்பு கப்பலுக்கும், அதன்பின் நிலத்தில் ஓடும் வண்டிகளுக்கும் வந்தது. 1930களில் அமெரிக்க நிறுவனங்கள், இரும்புச் சங்கிலித் தடத்தின்மீது ஊர்ந்து செல்லும் கனத்த டீசல் டிராக்டர்களை ஏராளமாகச் செய்யத் தொடங்கின. காட்டை அழிக்கவும் சாலை போடவும் அவை பயன்பட்டன. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இந்தப் பொறிகளே படையின் முன்னணியில் சென்றன. அஸ்ஸாமின் லேடோ என்னும் இடத்திலிருந்து பர்மாவின் மலைக்காடுகளை ஊடறுத்துச் சீனத்தை எட்டிய சாலையை, 1942 இறுதியில் தொடங்கி 1945 ஜனவரிக்குள் அமெரிக்கப் பொறியாளர்கள் திறந்துவிட்டார்கள் என்றால், அவ்வெற்றியில் பெரும்பங்கு டிராக்டர்களுக்கும் அவற்றின் முன்னே தகடு பூட்டிய புல்டோசர்களுக்கும் உரியது.

போர் முடிந்தது, படைகள் கப்பலேறின, பொறிகள் இந்தியாவிலேயே தங்கிவிட்டன. அவற்றை மீண்டும் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லும் கூலிக்கு அங்கே புதியனவே செய்துகொள்ளலாம். ஆகவே படையினரின் உபரிப் பொருள்களாக அவை இந்திய அரசிடம் விடப்பட்டன. போர்க்கால உபரி என்னும் சொல் அக்காலத்தில் எல்லாருக்கும் பழகிய சொல். ஜீப்பு, கூடாரம், பூட்ஸ், தண்ணீர்ப் பீப்பாய் என்று எத்தனையோ பொருள்கள் அப்பெயரால் சந்தைக்கு வந்தன. டிராக்டரை மட்டும் அப்படிக் கூடையில் அள்ளிச் செல்ல இயலாது. வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் அவை நின்றன.

நாட்டின் நிலை அப்போது எப்படியிருந்தது என்பதை இன்றைய மாணவர்கள் நூல்களின் வாயிலாகவே அறிய முடியும். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானவுடன் பர்மா அரிசியின் வரவு நின்றது. 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். 1947இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபின் கால்வாய்ப் பாசன நிலங்கள் அப்பால் போயின. வீடிழந்தோர் இப்பால் வந்தனர். சென்னையில் ரேஷன் கடை வாசலில் பையுடன் நிற்பது அன்றாட வாழ்க்கையாயிற்று. 1952 ஜூனில் முதலமைச்சர் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய பின்னரே அந்நிலை இங்கே மாறியது. வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்கவே டாலர் போதாத காலத்தில், புதிய டிராக்டருக்கு டாலர் ஏது? கையிலிருந்தவை அந்தப் பழைய படைப்பொறிகள்தாம். 1947இல் மத்திய அரசு மத்திய டிராக்டர் நிறுவனம் என்ற அமைப்பை ஏற்படுத்தியபோது, அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 200 டிராக்டர்களே அதன் முதற் சொத்து. அவற்றை உழவுக்குத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு முன் எழுப்ப வேண்டும்.

மாடு ஓய்வெடுத்தால் தெம்பு பெறும். இயந்திரம் ஓய்வெடுத்தால் தேயும். ஓடிய இயந்திரத்தின் தேய்மானத்தைக் கணக்கிட்டுச் சொல்லலாம். ஓடாத இயந்திரத்தின் கேடு உள்ளே மறைந்து நிகழ்வது. திறந்து பார்த்தாலன்றித் தெரியாது. இஃது ஏன் என்பதை அறிய, டீசல் இயந்திரம் வேலை செய்யும் முறையைச் சற்று நோக்குவோம்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி எழுப்பும் பிளக் கிடையாது. சிலிண்டர் எனப்படும் உருளைக்குள் பிஸ்டன் மேலேறும்போது அங்கே அடைபட்ட காற்று பதினாறில் ஒரு பங்கு அளவிற்கு நெருக்கப்படுகிறது. நெருக்குண்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்நேரத்தில் நாசில் என்னும் நுண்துளைக் குழல் எண்ணெயைப் பனித்துளிபோல் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. ஆதலின் இவ்வியந்திரத்தின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. காற்றைக் கசியவிடாமல் காக்கும் பிஸ்டன் ரிங்குகள் ஓரிடம். எண்ணெயை அளந்து பேரழுத்தத்தில் செலுத்தும் பம்பும் நாசிலும் மற்றோரிடம். நெடுநாள் உறக்கம் முதலில் தாக்குவது இவ்விரண்டையுந்தான்.

இயந்திரம் நின்றபோது எந்த உருளையின் வால்வு திறந்தபடி நின்றதோ, அவ்வுருளைக்குள் ஈரக்காற்று தடையின்றிப் புகும். உருளையின் சுவரில் துரு ஏறும். பிஸ்டன் ரிங்கும் சுவரும் இரும்பாதலால், இரண்டையும் துரு ஒன்றாக ஒட்டிவிடும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் உப்பு இவ்வேலையை இன்னும் விரைவாக்கும். அங்கே எண்ணெய்த் தொட்டியில் வேறொரு கேடு நடக்கும். பாதி நிறைந்த தொட்டியின் வெற்றிடத்தில் உள்ள காற்று இரவில் குளிர, அதிலுள்ள ஈரம் சுவரில் துளிர்த்து வழிந்து கீழே இறங்கும். நீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். நீரும் எண்ணெயும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கருநிறக் குழம்பாகப் படரும். எண்ணெயும் நாளடைவில் காற்றோடு கலந்து பிசினாகும். பம்பின் உள்ளே ஓடும் பிளஞ்சருக்கும் அதன் கூட்டிற்கும் நடுவிலுள்ள இடைவெளி, தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அவ்விடைவெளியில் பிசின் உறைந்தால் பூட்டுப் போட்டதற்கு ஒப்பாகும்.

இவை பெரிய கேடுகள். சிறிய கேடுகளுக்கோ கணக்கில்லை. காற்று நுழையும் குழாயில் குளவி கூடு கட்டும். இருக்கைக்கு அடியில் எலி குடித்தனம் நடத்தி, மின்கம்பியின் உறையைக் கடித்துத் தின்னும். கிளட்ச் தட்டு பறக்கும் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டரி செத்துப்போகும். ரப்பர்க் குழாய்கள் வெடிக்கும். சக்கர டிராக்டராயின் டயர் நின்ற இடத்திலேயே சப்பையாகிப் பாளம் பாளமாகப் பிளக்கும். சங்கிலித் தடமாயின் கணுவுக்குக் கணு துரு இறுகி, பாம்புபோல் வளையவேண்டிய தடம் தண்டவாளம்போல் விறைத்து நிற்கும்.

இத்தகைய பொறியை எழுப்ப முற்படுவோரைக் கெடுக்கும் முதற் பகை அவசரம். பல ஆண்டு கிடந்த டிராக்டரை மற்றொரு டிராக்டரில் கட்டியிழுத்து, கியரைப் போட்டு ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர் இன்றும் உண்டு. ஒட்டிய ரிங் அவ்விழுப்பில் ஒடியும். ஒடிந்த துண்டு உருளையைக் கீறும். கைச்செலவில் முடியவேண்டிய வேலை கடன் வாங்கிச் செய்யும் வேலையாகிவிடும். தேர்ந்த மேஸ்திரி அவ்வாறு செய்யமாட்டார். நாசில்களைக் கழற்றி, அத்துளைகளின் வழியே உருளைக்குள் டீசலும் மெல்லிய இயந்திர எண்ணெயும் கலந்து ஊற்றுவார். இரண்டு நாளோ நான்கு நாளோ ஊறவிடுவார். அதன்பின் சக்கரத்தைக் கம்பியால் நெம்பி, அரை விரற்கடை இப்புறம், அரை விரற்கடை அப்புறம் என்று அசைத்துப் பார்ப்பார். அசையாவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. ஒரு முழுச் சுற்று தடையின்றி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி எண்ணெய் வழியில் இருக்கிறது. தொட்டியை முற்றும் வடித்துக் கழுவ வேண்டும். வடிகட்டிகளை மாற்ற வேண்டும். அடித்தொட்டியில் உள்ள பழைய மசகெண்ணெயை இறக்கும்போது அதன் நிறத்தைக் கவனிக்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டதென்று பொருள். ரேடியேட்டரில் நல்ல நீர் நிரப்பி, கசிவு உண்டா என்று ஓரிரவு வைத்துப் பார்ப்பது நலம். பின்பு தொட்டியிலிருந்து நாசில் வரையுள்ள குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் நெருங்காது, காற்று நெருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் பம்பு தரும் அழுத்தத்தையெல்லாம் அக்குமிழி விழுங்கிவிடும், நாசில் திறவாது. ஆகவே திருகைச் சிறிது தளர்த்தி, நுரை நின்று தெளிந்த எண்ணெய் வரும்வரை கைப்பம்பை அடிப்பார்கள். பட்டறைகளில் இதற்கு 'ஏர் எடுப்பது' என்று பெயர். இயந்திரம் வந்து ஏரை வீட்டுக்கு அனுப்பியது என்பார்கள். இயந்திரத்திலும் முதலில் ஏர் எடுத்தாக வேண்டியிருக்கிறது!

இவ்வளவும் செய்தபின்னும் உடனே ஓட்டிவிடுவதில்லை. எண்ணெயை நிறுத்தும் கோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பற்றவிடாமலே இயந்திரத்தைச் சில நிமிடம் சுற்றுவார்கள். உலர்ந்து கிடக்கும் பேரிங்குகளுக்கெல்லாம் மசகெண்ணெய் ஏறவேண்டும் அல்லவா? முதற் பற்றுதலின்போது காற்றுக் குழாயின் வாயருகே ஒருவர் கனத்த பலகையுடன் நிற்பதும் வழக்கம். பம்பின் அளவுகோல் பிசினில் சிக்கியிருந்தால், ஓடத் தொடங்கிய இயந்திரம் அடங்காமல் வேகமெடுத்துத் தன்னையே உடைத்துக்கொள்ளும். அப்போது சாவி பயன்படாது. மூச்சை அடைத்தால்தான் நிற்கும்.

அமெரிக்கப் படை விட்டுச்சென்ற கேட்டர்பில்லர் டி7, டி8 போன்ற பெரும்பொறிகளில் மற்றொரு புதுமையும் இருந்தது. அவற்றைப் பாட்டரியால் சுழற்ற இயலாதென்று, பக்கத்திலேயே இரண்டு உருளை கொண்ட சிறிய பெட்ரோல் இயந்திரம் ஒன்றை அமைத்திருந்தார்கள். முதலில் சிறியதை எழுப்ப வேண்டும். அதன் சூடான நீரும் புகையின் வெப்பமும் பெரியதைச் சூடாக்கும். சற்று நேரம் சென்றபின் கிளட்சைச் சேர்த்தால் சிறியது பெரியதைச் சுழற்றி எழுப்பிவிடும். மலையிடுக்கில் பாட்டரி கிடைக்காத போர்க்களத்திற்கு ஏற்ற ஏற்பாடு இது. உறங்கிய பொறிக்கோ இதனால் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. மெல்லச் சூடேற்றி எழுப்ப முடிவது நன்மை. ஓர் இயந்திரத்திற்குப் பதில் இரண்டு இயந்திரங்களைச் செப்பனிட வேண்டியிருப்பது தொல்லை.

முதலில் வெண்புகை, பிறகு நீலம் கலந்த புகை, ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் என்று தடுமாறித் தடுமாறி, கடைசியில் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே தாளத்தில் ஒலிக்கும். அத்தாளத்தைக் கேட்பதற்காகவே இத்தொழிலில் இருப்பவர்கள் பலர். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இங்ஙனம் எழுந்த பொறிகள் எங்கே சென்றன? நடு இந்தியாவின் கரிசற் பரப்புகளுக்குச் சென்றன. பண்டேல்கண்ட், போபால், மத்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் இலட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கான்ஸ் என்னும் புல் கவர்ந்துகொண்டிருந்தது. இது நாணல் இனம். நம் பக்கத்தில் பேய்க்கரும்பு என்பர். ஊர்ப்புறக் கலப்பை மேல்மண்ணை நான்கைந்து அங்குலம் கீறும். கான்ஸின் வேர்த்தண்டோ அதற்குக் கீழே வலைபோல் பின்னிக் கிடக்கும். அறுபட்ட ஒவ்வொரு துண்டிலிருந்தும் புதிய செடி முளைக்கும். உழவன் உழ உழப் புல் பெருகும் என்றால் அதைவிடக் கொடுமை வேறுண்டா? ஊர் ஊராக நிலத்தைக் கைவிட்டுச் சென்றார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: கடுங்கோடையில் ஓரடி ஆழத்திற்கு மண்ணைப் புரட்டிப்போட்டு வேரை வெயிலில் காயவிடுவது. அவ்வாழம் எருதால் ஆகாது.

இடையே ஒன்று சொல்லவேண்டும். இதே பேய்க்கரும்பின் இனத்தைக் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இனிய கரும்போடு கலந்து, கோ 205 என்னும் புதுவகையை உண்டாக்கினார்கள். அது 1918இல் உழவர்களுக்கு வழங்கப்பட்டது. வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றலைக் கரும்புக்குத் தந்தது அப்புல்லே. நடு இந்தியாவில் பகையாயிருந்தது கோயம்புத்தூரில் உறவாயிற்று.

உழவுக்கு உரிய காலம் கோடை மட்டுமே. மழை இறங்கிவிட்டால் கரிசல் மண் சேறாகி, சங்கிலித் தடத்தையும் விழுங்கிவிடும். மே மாதத்தில் ஒரு பம்பு சிக்கி ஒரு டிராக்டர் பத்து நாள் நின்றதென்றால், அவ்வேக்கர்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அங்கே குடியேறக் காத்திருக்கும் குடும்பங்களும் காத்துக்கொண்டேயிருக்கும். பட்டறையில் நிகழும் ஒரு சிறு கவனக்குறைவுக்கு எத்தனை மூட்டைக் கோதுமை விலை என்பதை இதனால் உணரலாம்.

இதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் சமையல் எண்ணெய்த் தட்டுப்பாடு. அதைத் தீர்க்க, அப்போது பிரிட்டன் வசமிருந்த தங்கனீகாவில் முப்பது இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட புதர்க்காட்டை அழித்து நிலக்கடலை பயிரிடுவதென்று 1946இல் திட்டமிட்டார்கள். புதிய டிராக்டர்கள் அவர்களுக்கும் கிடைக்கவில்லை. பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற பழைய பொறிகளை வாங்கிக் கப்பலேற்றினார்கள். அவையும் போதாமல், ஷெர்மன் டாங்கிகளையே டிராக்டர்களாக மாற்றி, அவற்றுக்கு 'ஷெர்விக்' என்று பெயரிட்டார்கள். பொறிகள் வந்து சேர்ந்தன. அவற்றைச் செப்பனிடத் தக்க பட்டறையும் உதிரி உறுப்புகளும் அவற்றோடு வந்து சேரவில்லை. ஓட்டப் பழகாதவர்கள் ஓட்டினார்கள். பெருமரங்களின் வேர்கள் கலப்பைகளை முறித்தன. 1947 கோடை முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு டிராக்டர்கள் பயனற்று நின்றுவிட்டன. மூன்றரைக் கோடி பவுனுக்கு மேல் இழந்தபின், 1951 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அங்கும் போர்க்கால உபரிப் பொறிகள், இங்கும் அவையே. அங்கே தோற்றதும் இங்கே உழுததும் எதனால் என்ற வினாவுக்கு ஒரே விடை சொல்வது சரியாகாது. மண் வேறு, மழை வேறு. தங்கனீகாவில் புதர்க்காட்டை வேரோடு பெயர்க்க வேண்டியிருந்தது. இங்கே முன்பே உழுத நிலத்தை மீட்டால் போதும். ஆயினும் ஒரு வேற்றுமை என் கண்ணுக்கு மற்றவற்றினும் பெரிதாகத் தோன்றுகிறது. இந்தியாவில் ரெயில்வே பட்டறைகள் நூறாண்டுக்கு அருகில் வேலை செய்துகொண்டிருந்தன. போரின்போது படையின் வண்டிப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கான இளைஞர் பிட்டராகவும் டர்னராகவும் பழகியிருந்தனர். இரும்பின் குணம் அறிந்த கைகள் இங்கே இருந்தன. சைதாப்பேட்டையில் டெனிசன் காலத்தில் இல்லாதது எதுவோ, அது எண்பது ஆண்டில் நாட்டில் வளர்ந்திருந்தது.

இதனால் நம்மவர் பெருவெற்றி பெற்றனர் என்று கொடி பிடிக்க வேண்டுவதில்லை. பழைய பொறிகள் அடிக்கடி நின்றன. உதிரி உறுப்புகள் கிடைப்பது அரிதாயிருந்தது. எழுப்பிய பொறிகளைக் கொண்டே எல்லா நிலத்தையும் மீட்டுவிட முடியாது என்பது விரைவில் தெளிவாயிற்று. 1949 செப்டம்பரில் உலக வங்கி இந்தியாவுக்கு வேளாண் இயந்திரங்களுக்கென்று ஒரு கோடி டாலர் கடன் ஒப்பியது. ரெயில்வேக்கு அடுத்தபடியாக அவ்வங்கியிடம் இந்தியா பெற்ற இரண்டாவது கடன் இது. அப்பணத்தில் புதிய கனத்த டிராக்டர்கள் வந்தன. பழையனவும் அருகில் நின்று உழுதன. பல இலட்சம் ஏக்கர் கான்ஸ் நிலம் மீண்டும் விளைநிலமாயிற்று. ஓட்டுநரையும் மெக்கானிக்கையும் முறையாகப் பயிற்றுவிக்க 1955இல் நருமதைக் கரையிலுள்ள புத்னி என்னும் ஊரில் டிராக்டர் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அந்நிலையமே, நாட்டில் விற்பனைக்கு வரும் டிராக்டர்களைச் சோதித்துச் சான்று தரும் இடமுமாயிற்று. புத்னியின் பெயரை அறியாத டிராக்டர் தொழிலகம் இந்தியாவில் இல்லை.

தென்னாட்டில் இக்கதை வேறு வழியில் சென்றது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் இருந்த டிராக்டர்கள் 9,000க்கும் குறைவு. அத்தனையும் வெளிநாட்டுப் பொறிகள். ஃபெர்குசன், ஃபோர்ட்சன் என்று ஊருக்கொரு பெயர். ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. கொடுத்துவைத்த மிராசுதார் ஒருவர் ஆசையோடு வாங்கிய டிராக்டர், இரண்டு போகம் உழுதபின் ஒரு ரிங்குக்காகவோ நாசிலுக்காகவோ மாட்டுக் கொட்டகையில் நின்றுவிடும். வைக்கோல் போர் அதன்மேல் ஏறும். கோழி அதில் முட்டையிடும். பல டிராக்டர்கள் உறங்கத் தொடங்கியது தேய்ந்து போனதனால் அன்று. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உறுப்பு கிடைக்காமையால்.

அந்த உள்ளங்கைப் பொருள்களை நாட்டிலேயே செய்யும் வேலையில் சென்னைக்குத் தனிப் பங்கு உண்டு. வடசென்னைச் செம்பியத்தில் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் தோன்றியது. எஸ். அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் சிம்சன் நிறுவனம் 1950களில் அங்கே பெர்கின்ஸ் வகை டீசல் இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. 1951இல் அமைந்த மைக்கோ நிறுவனம், டீசல் பம்பையும் நாசிலையும் பெங்களூரில் செய்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பட்டபின், ஆதம்பாக்கத்தை அடுத்த அப்பகுதியில் சிறுசிறு லேத் பட்டறைகள் பெருகின. 1960இல் மாசி ஃபெர்குசன் நிறுவனத்தோடு கூடி டாஃபே உருவாயிற்று. அடுத்த ஆண்டு செம்பியத்திலிருந்து டிராக்டர்கள் வெளிவரத் தொடங்கின. அதே 1961இல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஏற்பட்டு, இயந்திரத்தைச் சுழற்றி எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் உள்ளூர்ப் பொருளாயிற்று.

புதிய டிராக்டர் வந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பழைய டிராக்டருக்கு இதனால் நேர்ந்த மாற்றத்தை எழுதினவர் குறைவு. 1947இல் ஒரு பிஸ்டன் ரிங் வேண்டுமென்றால் கடிதம் எழுதி, இறக்குமதி உரிமம் பெற்று, கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டும். பதினைந்தாண்டு சென்றபின் கிண்டியில் உள்ள மேஸ்திரி காலையில் ஒரு பையனைச் செம்பியத்திற்குப் பஸ்ஸில் அனுப்பினால், மாலைக்குள் ரிங் வந்துவிடும். ரிங் வந்தால் பொறி எழும். நாசிலின் தூவலைச் சோதித்துச் சீர்செய்து தரும் கடைகள் மாவட்டத் தலைநகர்தோறும் தோன்றின. கொட்டகையில் கோழிக்கு இடம் கொடுத்து நின்ற ஃபெர்குசன்கள் பல, வைக்கோலை உதறிவிட்டு வெளியே வந்தன.

இக்காலத்தில் டிராக்டர் சொந்தமில்லாத உழவர், நந்தனத்தில் தலைமை அலுவலகம் கொண்ட தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையிடமிருந்து வாடகைக்குப் பெற்று உழுகிறார்கள். சொந்தமாக வைத்திருப்பவரும் ஆண்டில் சில மாதங்கள் அதனை நிறுத்தித்தான் வைக்கவேண்டும். எழுப்பும் வித்தையை அறிந்தவர்கள், உறங்கவைக்கும் வித்தையையும் அதிலிருந்தே கற்றுக்கொண்டார்கள். தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டால் ஈரம் துளிர்க்க இடமில்லை. நிறுத்துவதற்கு முன்பே மசகெண்ணெயை மாற்றிவிட்டால் அமிலம் பேரிங்கை அரிப்பதில்லை. மாதம் ஒருமுறை கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ரிங் ஒட்டுவதில்லை. புகைக்குழாய் வானைப் பார்த்து நிற்கும் டிராக்டர்களில், மழைநீர் நேரே உருளைக்குள் இறங்காதிருக்க, அக்குழாயின் வாயில் ஒரு காலித் தகரக் குவளையைக் கவிழ்த்து வைப்பார்கள். செங்கற்பட்டுப் பக்கம் போகும்போது வீட்டோரம் நிற்கும் டிராக்டரின் தலையில் அக்குவளையை நீங்களும் காணலாம்.